சேர்வராயன் மலையில் நியூட்ரினோ ரேடியோப் பயிற்சி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

சேலம் பக்கம் எம்எஸ்சி இயற்பியல் படிக்கிறீர்களா? அல்லது சாலிடரிங் இரும்பு பிடித்துப் பழகியவரா? மிக உயர் ஆற்றல் நியூட்ரினோக்களை, அதாவது மின்னேற்றம் இல்லாத நுண்துகள்களை, ரேடியோ அலை வழியாகத் தேடுகிறார்கள் என்று எங்கோ படித்துவிட்டு, இதில் நமக்கும் செய்ய ஏதாவது இருக்கிறதா என்று யோசிக்கிறீர்களா? இருக்கிறது. ஆனால் எது நம்மால் ஆகும், எது ஆகாது என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டால் பணமும் காலமும் நிறைய மிச்சமாகும். நான் தொடங்கியபோது யாரைக் கேட்பது என்றே தெரியவில்லை. எந்தக் கடிதம் வேண்டும், எந்த மாதத்தில் மலையேற வேண்டும், எந்தப் பொருளுக்கு எவ்வளவு ஆகும் என்பதையெல்லாம் துண்டு துண்டாகத்தான் சேர்க்க வேண்டியிருந்தது. அதையெல்லாம் இங்கே ஒரே இடத்தில் வைக்கிறேன்.

1. எதை அளக்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

சேர்வராயன் மலையில் நின்று நீங்கள் நியூட்ரினோவைப் பிடிக்க முடியாது. இதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

காரணம் எளிது. 10¹⁷ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஆற்றல் உள்ள நியூட்ரினோக்கள் மிக மிக அரிதாக வருகின்றன. வந்தாலும் பெரும்பாலும் எதிலும் மோதாமல் போய்விடுகின்றன. ஒன்று மோதுவதைப் பார்க்கவே பல கன கிலோமீட்டர் பொருள் வேண்டும். அது ரேடியோ அலையை விழுங்காத பொருளாகவும் இருக்க வேண்டும். துருவப் பனி அப்படிப்பட்டது. பனிக்குள் நியூட்ரினோ மோதினால் துகள் மழை ஒன்று, அதாவது ஒன்று பலவாகப் பெருகும் துகள் கூட்டம், கிளம்பும். அந்த மழையில் எலக்ட்ரானின் எதிர்த்துகள்களான பாசிட்ரான்களைவிட எலக்ட்ரான்கள் 20 சதவீதம் வரை கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதல் மின்னேற்றம் பனியில் ஒளியின் வேகத்தை மிஞ்சி ஓடும்போது சில நானோவிநாடிகளே நீடிக்கும் ஒரு ரேடியோ துடிப்பு பிறக்கிறது. 1962-இல் குர்கன் அஸ்கார்யன் சொன்ன விளைவு இது. தென்துருவப் பனியில் கண்ணுக்குத் தெரியும் ஒளி நூறு மீட்டர் அளவில் மங்கிவிடும். ரேடியோ அலையோ ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் போகும். ஒரே ஆண்டெனாவால் அவ்வளவு பெரிய பரப்பைக் கவனிக்க முடிவது இதனால்தான். தென்துருவத்தில் ஆரா, கிரீன்லாந்தின் சம்மிட் நிலையத்தில் 2021-இலிருந்து ஆர்என்ஓ-ஜி என்று சோதனைகள் நடப்பதும் இதனால்தான். நம் மலையில் பனி இல்லை. ஈரப் பாறை ரேடியோ அலையை வெகு சீக்கிரம் விழுங்கிவிடும்.

மலையை வைத்தே செய்யும் முறையும் ஒன்று உண்டு. டவ் வகை நியூட்ரினோ பூமியின் தோலை உரசியபடி வந்து, டவ் துகளாக மாறி வெளியேறி, காற்றில் சிதையும். அந்தத் துகள் மழையின் ரேடியோ துடிப்பை உச்சியில் இருந்து கீழே தொடுவானத்தைப் பார்த்தபடி பிடிக்கலாம். கலிபோர்னியாவின் வெள்ளை மலையில் பீக்கன் என்ற முன்மாதிரி 30 முதல் 80 மெகாஹெர்ட்ஸ் வரை இப்படித்தான் கேட்கிறது. அதற்கும் பல ஆண்டெனாக்கள், அலையை எண்களாக மாற்றும் வேகமான எண்மமாக்கிகள், வருடக்கணக்கான பொறுமை எல்லாம் வேண்டும்.

சரி, நமக்கு என்ன மிச்சம்? இந்தச் சோதனைகள் எல்லாம் எழுதும் முதல் பரீட்சை நமக்கும் எட்டும். "என் ஆண்டெனா கேட்பது வானத்தையா, ஊரையா?" என்பதே அந்தப் பரீட்சை. 30 முதல் 80 மெகாஹெர்ட்ஸில் மிகப் பெரிய இயற்கை இரைச்சல் நம் பால்வெளிதான். அதன் அளவு நன்றாகத் தெரிந்தது என்பதால் காற்றில் எழும் துகள் மழைகளைக் கேட்கும் ரேடியோ சோதனைகள் அதையே எடைக்கல்லாக வைத்துத் தங்கள் கருவியைச் சரிபார்க்கின்றன. நீங்களும் 38 மெகாஹெர்ட்ஸில் பால்வெளி எழுவதையும் அடங்குவதையும் பதிவு செய்து, அது தினமும் 4 நிமிடம் முன்னால் நகர்கிறது என்று காட்டுங்கள். ஒரு எம்எஸ்சி திட்டத்துக்கு இது தாராளமாகப் போதும். இதைத் தாண்டாமல் துடிப்பு தேடப் போனால் காண்பதெல்லாம் எல்இடி பல்பாகத்தான் இருக்கும்.

2. காகித வேலை: அக்டோபரிலேயே தொடங்குங்கள்

பொருள் வாங்கும் முன் இதை முடியுங்கள். அதிக நேரம் தின்னும் பகுதி இதுதான்.

முதலில் கல்லூரித் துறைத்தலைவரிடம் ஒரு போனஃபைடு கடிதம் வாங்குங்கள். அதில் மூன்று வரி கட்டாயம் இருக்க வேண்டும்: இது கல்விக்கான அளவீடு, கருவி அலையை வாங்க மட்டும் செய்யும், அனுப்பாது, ஆண்டெனாவின் உயரம் 2 மீட்டர், வேலை முடிந்ததும் அகற்றப்படும். மொட்டையாக "ஆராய்ச்சிக்காக" என்று எழுதி வாங்கினால் படிப்பவருக்குச் சந்தேகம்தான் வரும். அசல் ஒன்று, முத்திரை போட்ட நகல்கள் நான்கைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இடத்துக்கான அனுமதி. ஏற்காட்டைச் சுற்றிலும் காப்புக்காடும் பட்டா நிலமும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. வேலி தெரியவில்லை என்பதற்காகக் காப்புக்காட்டுக்குள் கம்பம் நட்டுவிடாதீர்கள். அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும், மாணவர் திட்டத்தின் கால அளவுக்குள் அது வருவது கடினம். ஏதாவது ஒரு காபி எஸ்டேட்டின் பட்டா நிலத்தைக் கேளுங்கள். முதலாளி பெரும்பாலும் ஊரில் இருக்கமாட்டார். மேனேஜரையோ ரைட்டரையோ நேரில் போய்ப் பாருங்கள். போனில் கேட்டால் "பார்க்கலாம்" என்பதோடு நின்றுவிடும். காபி பழம் பறிக்கும் மாதங்களில் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அதனால்தான் அக்டோபர் என்கிறேன். வாய்ச்சொல் போதாது, ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். சர்வே எண் சந்தேகமாக இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

மூன்றாவதாக, ஏற்காடு காவல் நிலையத்தில் ஒரு தகவல் கடிதம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். இது சட்டத்துக்காக இல்லை, இரவுக்காக. தோட்டத்துக்குள் நள்ளிரவில் டார்ச்சும் கம்பியுமாக இருவர் நின்றால் யாராவது போன் செய்யத்தான் செய்வார்கள். அந்த நகல் கையில் இருந்தால் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடியும்.

ஒரு எச்சரிக்கை: சோதனைக்கு என்று எந்த அலைபரப்பியையும் இயக்காதீர்கள், மலிவு வாக்கிடாக்கி உட்பட. அலை அனுப்ப ஆசை இருந்தால் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் ஹாம் தேர்வை எழுதி உரிமம் வாங்குங்கள். அது தனி வேலை. இந்தத் திட்டத்துக்குத் தேவையும் இல்லை. உங்கள் சோதனை அலையை வானமே இலவசமாக அனுப்பிக்கொண்டிருக்கிறது.

3. இடம்: சேலம் கண்ணில் படக்கூடாது

ஏற்காடு என்றதும் லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் என்றுதான் மனம் போகும். இரவில் அங்கிருந்து சேலம் நகரம் முழுவதும் விளக்காக விரியும். நமக்கு வேண்டாத இடம் அதுதான். 38 மெகாஹெர்ட்ஸ் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். நகரம் கண்ணுக்குத் தெரிந்தால் அதன் இரைச்சல் ஆண்டெனாவுக்கும் தெரியும்.

சேலம் மலைக்குத் தென்மேற்கே இருக்கிறது. ஆகவே நாகலூர் பக்கம் போல, ஏற்காட்டுக்கு வடக்கே, நடுவில் ஒரு மேடு மறைக்கும் சரிவைத் தேடுங்கள். தெற்கே மேடு மறைத்தால் பால்வெளியின் மையமும் மறைந்துவிடாதா என்று கேட்பீர்கள். மறையாது. பால்வெளி மையம் விண்கோளத்தில் தெற்கே 29 பாகையில் இருக்கிறது. நாம் வடக்கே 11.8 பாகையில் இருக்கிறோம். ஆகவே அது உச்சத்தில் இருக்கும்போது தெற்குத் தொடுவானத்திலிருந்து சுமார் 49 பாகை உயரத்தில் நிற்கும். 10, 15 பாகைக்கு எழும் மேடு சேலத்தை மட்டும் மறைத்துவிட்டு வானத்தை நமக்கு விட்டுவைக்கும். பீக்கன் போன்ற நிஜச் சோதனைக்கு இந்த வசதி கிடையாது என்பதையும் யோசித்துப் பாருங்கள். அது தேடும் டவ் துகள் தொடுவானத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்துதான் வரும். ஊர்களின் இரைச்சலும் அதே திசையில் இருந்துதான் வரும். அவர்கள் பல ஆண்டெனாக்களை ஒன்றாக இணைத்துத் திசை பிரித்துக் கேட்பது ஏன் என்பது இங்கே நின்றால் நன்றாகப் புரியும்.

இடத்தை முடிவு செய்யும் முன் ஒரு சின்ன ரேடியோவோடு அங்கே நடந்து பாருங்கள். பழைய பாக்கெட் ஏஎம் ரேடியோ ஒன்றை நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு நடந்தால், எந்த வீட்டின் சார்ஜர், எந்தப் பம்பு செட், எந்த விளக்கு கரகரக்கிறது என்று காதாலேயே தெரிந்துவிடும். முக்கியமாகச் சோலார் வேலியைக் கவனியுங்கள். காட்டெருமைக்காகச் சில தோட்டங்களில் மின்வேலி போட்டிருக்கிறார்கள். அது விநாடிக்கு ஒருமுறை போல "டக்... டக்" என்று அடிக்கும், அலைவரிசை முழுவதும் ஒரே நேரத்தில் எகிறும். பார்வைக்கு நாம் தேடும் துடிப்பின் சாயலே அதற்கும் உண்டு. வேலியிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளிப் போங்கள்.

4. பொருளும் செலவும்

நான் வாங்கிய காலத்து விலையைத் தோராயமாகச் சொல்கிறேன். கூடக் குறைய இருக்கும்.

ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள், அதாவது கணினியில் செருகும் சின்ன ரேடியோ வாங்கி, 4,000 முதல் 5,000 ரூபாய். மலிவாக 1,000 ரூபாய்க்குக் கிடைக்கும் நீலப் பிளாஸ்டிக் டாங்கிளை வாங்காதீர்கள். சூடேறினால் அலைவெண் நகரும், உலோகக் கூடும் இல்லை. இரைச்சல் குறைந்த முன்பெருக்கி, அதாவது எல்என்ஏ, சுமார் 2,500. எஃப்எம் தடுப்பு வடிகட்டி சுமார் 1,500. ராஸ்பெர்ரி பை 5,000-க்கு மேல்; பழைய லேப்டாப் இருந்தால் இந்தச் செலவு வேண்டாம். கேபிள், கனெக்டர், ஃபெரைட் வளையம், பிவிசி பைப், வயரிங் கம்பி எல்லாம் சேர்த்து 2,000-க்குள் அடங்கும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் பெரும்பாலானவை கிடைத்துவிடும். 12 வோல்ட் கார் பேட்டரியைக் கடன் வாங்குங்கள். மொத்தம் 15,000 முதல் 18,000-க்குள் முடிக்கலாம், தங்கும் செலவு தனி.

டாங்கிளையும் எல்என்ஏவையும் ஜிஎஸ்டி ரசீது தரும் உள்நாட்டு விற்பனையாளரிடம் வாங்குங்கள். வெளிநாட்டு இணையக் கடையில் சில நூறு ரூபாய் குறைவாகத் தெரியும். வரியும் அடையாள ஆவணமும் கேட்டு வழியில் நின்றுவிட்டால் ஒரு பருவமே போய்விடும். கல்லூரியில் பணம் திரும்ப வாங்கவும் அந்த ரசீது வேண்டும்.

சிறிய பொருள்தான், ஆனால் விட்டுவிடாதீர்கள்: 200 ரூபாய்க்குள் கிடைக்கும் கடிகாரச் சில்லு. ராஸ்பெர்ரி பை 4 வரை உள்ள பலகைகளில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. மலையில் இணையம் இல்லாமல் மின்சாரம் ஒருமுறை போய் வந்தால் நேரம் தப்பாகிவிடும். 4 நிமிட நகர்வைக் காட்ட வேண்டிய திட்டத்தில் நேரம் தப்பானால் எதுவும் மிஞ்சாது.

5. ஆண்டெனா

அரை அலைநீள டைபோல், அதாவது இரு கை கொண்ட கம்பி ஆண்டெனா, போதும். 38 மெகாஹெர்ட்ஸுக்கு மொத்த நீளம் 3.76 மீட்டர், ஒரு கைக்கு 1.88 மீட்டர். 2 மீட்டர் உயரத்தில் நடுப்பகுதியைக் கட்டி, இரு கைகளையும் கிழக்கு மேற்காகக் கொஞ்சம் சரித்து இழுங்கள். அப்போதுதான் தெற்கு வானம் ஆண்டெனாவின் முகத்துக்கு நேராக வரும். கேபிள் கிளம்பும் இடத்தில் ஃபெரைட் வளையத்தில் சில சுற்று சுற்றுங்கள். இல்லையென்றால் கேபிளே ஒரு ஆண்டெனாவாக மாறி, கீழே இருக்கும் கணினியின் இரைச்சலை மேலே கொண்டுபோகும்.

வரிசையை மாற்றாதீர்கள்: ஆண்டெனா, எஃப்எம் வடிகட்டி, எல்என்ஏ, கேபிள், டாங்கிள். வடிகட்டியை எல்என்ஏவுக்குப் பின்னால் வைத்தால், 88 முதல் 108 வரையிலான நிலையங்கள் எல்என்ஏவைத் திணறடித்து, இல்லாத இடத்தில் எல்லாம் பொய்ச் சிகரங்களை உண்டாக்கும்.

ஏற்காட்டு மூடுபனியை மழையாகவே எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கனெக்டரையும் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பால் சுற்றி, பெட்டிக்குள் நுழையும் முன் கேபிளை ஒரு வளைவு தொங்கவிடுங்கள். தண்ணீர் அந்த வளைவில் சொட்டிப் போகும். குரங்குகள் இழுக்கும் என்பதால் கேபிளைத் தரையோடு கல் வைத்து ஓட்டுங்கள்.

கணினியை ஆண்டெனாவிலிருந்து 15 மீட்டராவது தள்ளி, ஒரு பெரிய பிஸ்கட் டின்னுக்குள் வையுங்கள். மூடி உட்காரும் விளிம்பில் உள்ள பெயின்டை உப்புத்தாள் போட்டுச் சுரண்டி, தகரத்தோடு தகரம் நேராக உரசும்படி செய்ய வேண்டும். சுரண்டாத டின்னுக்கும் சுரண்டிய டின்னுக்கும் உள்ள வித்தியாசத்தைத் திரையிலேயே பார்க்கலாம். 20, 30 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் சீப்பின் பற்களாக நிற்கும் கோடுகள் மடமடவென்று தாழ்ந்துவிடும். மின்சாரத்துக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து நேரியல் ரெகுலேட்டர் மட்டும். சுவிட்சிங் சார்ஜர் எதுவும் அருகில் வேண்டாம். ரெகுலேட்டர் நன்றாகச் சூடாகும், பெரிய ஹீட்சிங்க் பொருத்துங்கள்.

6. மலையேறும் முன் சேலத்திலேயே ஒரு சோதனை

ஆண்டெனா இருக்கும் இடத்தில் 50 ஓம் முனைத் தடையை மாட்டி இரைச்சல் அளவைக் குறியுங்கள். பிறகு ஆண்டெனாவை மாட்டுங்கள். 38 மெகாஹெர்ட்ஸில் வானத்தின் இரைச்சல் வெப்பநிலை 10,000 கெல்வினுக்கு மேல். தடையினுடையது சுமார் 300 கெல்வின். மலையில் இந்த மாற்றம் 8 முதல் 10 டெசிபலாவது இருக்க வேண்டும். மொட்டை மாடியில் 20 டெசிபல் எகிறினால் மகிழ வேண்டாம், அது ஊர். மலையில் 2, 3 தான் ஏறுகிறது என்றால் எங்கோ இணைப்பு சரியில்லை, அல்லது எல்என்ஏவுக்கு மின்சாரம் போகவில்லை.

இங்கேயே தானியங்கிப் பெருக்கத்தை அணைத்துப் பழகுங்கள். டாங்கிளின் மென்பொருள்கள் பலவற்றில் அது தானாகவே இயங்கும். சத்தம் கூடினால் அது குறைக்கும், குறைந்தால் கூட்டும். நீங்கள் தேடும் பால்வெளி மேட்டை, அதாவது வரைபடத்தில் இரைச்சல் ஏறி இறங்கும் வளைவை, அது ஒழுங்காகச் சமன் செய்து அழித்துவிடும். பெருக்கத்தை ஒரே எண்ணில் நிறுத்தி, அந்த எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள்.

7. எப்போது அளப்பது

ஜூன் நடுவில் பால்வெளி மையம் நள்ளிரவில், நம் கடிகாரத்தில் 12:30-ஐ ஒட்டி, உச்சத்தில் இருக்கும். வானத்தைப் பொறுத்தவரை அருமையான நேரம். ஆனால் பருவமழை, இடி, அட்டை. ஏப்ரல், மே மாதங்களில் கோடை இடி. மேயில் கோடை விழாக் கூட்டம் வேறு, அறை வாடகை எகிறிவிடும். வடகிழக்குப் பருவமழையில் மலைப்பாதையில் மண் சரியும்.

ஆகவே பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி நடுவில் மையம் காலை 8:25 வாக்கில் உச்சத்துக்கு வரும். மார்ச் நடுவில் 6:35 வாக்கில். நள்ளிரவுக்குப் பின் ஊர் அடங்கிய நேரத்தில் மேடு ஏறத் தொடங்கி விடியலில் உச்சம் தொடும். சூரியன் ஏறிய பிறகு அயனி மண்டலமும் சூரிய வெடிப்புகளும் குறுக்கே வரும். அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், வீண் என்று நினைக்காதீர்கள். ஆர்என்ஓ-ஜி சூரிய வெடிப்புகளைக் கொண்டே தன் ஆண்டெனாக்களின் திசையைச் சரிபார்த்திருக்கிறது.

ஓர் இரவு போதாது. ஒரு வாரத் தொடர் பதிவு ஒன்று, அது தொடங்கி 15 நாள் கழித்து இன்னொரு வாரம் ஒன்று. 15 நாளில் பால்வெளி ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னால் வந்திருக்கும். எப்போதும் இருவராகத் தங்குங்கள்.

8. பதிவைப் படிப்பது

37.5 முதல் 38.25 மெகாஹெர்ட்ஸ் வரை வானொலி வானியலுக்கு உலக அளவில் இரண்டாம் நிலை ஒதுக்கீடு உண்டு, அதற்குள்ளேயே இருங்கள். விநாடிக்குப் பல நிறமாலைகள் எடுத்து, பத்து விநாடிக்கு ஒருமுறை அவற்றின் சராசரிக்குப் பதிலாக இடைநிலை மதிப்பை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பை, எடுங்கள். சராசரியை ஒரே ஒரு வேலித் துடிப்பு கெடுத்துவிடும், இடைநிலை அசையாது.

கிடைக்கும் மேடு 2, 3 டெசிபல்தான். மலை இரவின் குளிரில் எல்என்ஏவின் பெருக்கமும் மாறும் என்பதால், பெட்டிக்குள் ஒரு வெப்பமானி வைத்து அதையும் பதியுங்கள். பிறகு இரு வார வரைபடங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வையுங்கள். கடிகார நேரத்தில் அசையாமல் நிற்கும் மேடு மனிதனுடையது: மாலை விளக்கு, காலைப் பம்பு. ஒரு மணி நேரம் நகர்ந்திருக்கும் மேடுதான் வானத்துடையது. இதற்கு மேல் நல்ல சான்று இந்தச் செலவில் கிடையாது.

உங்கள் பதிவில் ஒரு விநாடித் துண்டில் கூர்மையான துடிப்பு ஏதாவது தெரிந்தால் நியூட்ரினோ என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் டாங்கிள் விநாடிக்கு 24 லட்சம் மாதிரிகள் எடுக்கிறது. ஆர்என்ஓ-ஜி 200 கோடிக்கும் மேல். சில நானோவிநாடித் துடிப்பு உங்கள் கருவிக்குள் வந்தால் உருவமே தெரியாமல் கரைந்துவிடும். ஆனாலும் துடிப்புகளை எண்ணி வையுங்கள்: எந்த மணியில் எத்தனை, காற்று வீசும்போது கூடுகிறதா, வேலியோடு ஒத்துப் போகிறதா. பனிப்பரப்பில் பலத்த காற்று வீசும்போது உராய்வு மின்னேற்றத்தால் வரும் துடிப்புகளைப் பிரித்தெடுப்பது அங்கேயும் பெரிய வேலை. அதே பயிற்சிதான் இது.

9. அறிக்கைக்குப் பிறகு

நியூரேடியோஎம்சி என்ற பைத்தான் தொகுப்பு இலவசம், மூலநிரல் திறந்தது. பனிக்குள் நியூட்ரினோ மோதலில் தொடங்கி ஆண்டெனாவில் எழும் மின்னழுத்தம் வரை கணக்கிட்டுத் தரும். லினக்ஸில் நிறுவுங்கள், பயிற்சிப் பாடங்கள் அதோடு சேர்ந்தே இருக்கின்றன. சாதாரண லேப்டாப்பில் சில நூறு நிகழ்வுகளை ஓட்டலாம். மலையில் நீங்கள் அளந்த இரைச்சலின் மேல் அந்தத் துடிப்பைச் சேர்த்து, எவ்வளவு பெரிதாக இருந்தால் கண்ணுக்குத் தெரிகிறது என்று பாருங்கள். என்னைக் கேட்டால் அறிக்கையின் கடைசி அத்தியாயம் இதுதான் ஆக வேண்டும்.

நேரில் பார்க்க விரும்பினால் பக்கத்தில் இரண்டு இடங்கள். கர்நாடகத்தின் கௌரிபிதனூரில் 34.5 மெகாஹெர்ட்ஸில் வானத்தை வரைந்த ஆண்டெனா வரிசை இருந்த வானொலி ஆய்வுக்கூடம். ஊட்டியில் காஸ்மிக் கதிர் மழைகளைப் பதியும், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 சோதனை. இரண்டுக்கும் துறைத்தலைவர் கடிதத்தோடு முன்கூட்டியே எழுதுங்கள். ஒரு மாதமாவது இடைவெளி கொடுங்கள். கடிதத்தோடு உங்கள் 15 நாள் நகர்வு வரைபடத்தை ஒரே பக்கமாக இணையுங்கள். பதில் வராவிட்டால் பதினைந்து நாள் கழித்து அதே கடிதத்தை மறுபடி அனுப்புங்கள். பலமுறை முதல் கடிதம் உரியவர் மேசைக்கே போயிருக்காது.

மலையிலிருந்து இறங்கும் நாளில் கம்பம் நட்ட குழியை மூடி, டேப் துண்டு, கம்பித் துண்டு ஒன்று விடாமல் பொறுக்கி, எஸ்டேட் ரைட்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள். அடுத்த வருடம் உங்கள் ஜூனியர் அதே இடத்தைக் கேட்கப் போவார்.